பழைய துப்பாக்கி: காயலான் கடைக்கா? காட்சிசாலைக்கா?

நீடாமங்கலத்துக்கு இன்னொரு பெயர் உண்டு. யமுனாம்பாள்புரம்!

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் ராணி யமுனாம்பாள். அந்த ராணியின் பெயரால் இங்கே சத்திரம் எழுந்தது. ஊருக்கும் அந்தப் பெயர் வந்தது. ஊர் நடுவே இருக்கும் சந்தான ராமசாமி கோயிலும் மராட்டியர் காலத்துக் கோயில்தான்.

கோயில் இருக்கிறது. ராணியின் பெயரும் இருக்கிறது.

அந்த மன்னரின் படை வீரர்கள் தோளில் சுமந்த துப்பாக்கிகள் எங்கே? இடுப்பில் செருகிய கட்டாரிகள் எங்கே?

1758-ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டார். பிரதாபசிம்மரின் படை எதிர்த்து நின்றது. லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பிப் போனார். அப்படிப்பட்ட படையின் ஆயுதங்கள் என்ன ஆயின?

பெரும்பகுதி உடைக்கப்பட்டு, பழைய இரும்பாக விற்கப்பட்டது!

இது பழைய கதை என்று நினைத்துவிடக் கூடாது. கிட்டத்தட்ட அதே காரியம் இன்றும் நடக்கிறது. தாத்தா காலத்துத் துப்பாக்கி, யாரும் கேட்காததால் அழிக்கப்படுகிறது. அதைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒரே அரண்மனை, இரண்டு விதி

தஞ்சை அரண்மனையில் உயரமான ஒரு கோபுரம் இருக்கிறது. காவல் கோபுரமாகவும் ஆயுதசாலையாகவும் அது இருந்தது. 1855-ஆம் ஆண்டு வரை அரசர்களின் படைக்கலங்கள் அரண்மனையில் இருந்தன.

அந்த ஆண்டில் கடைசி மன்னர் இரண்டாம் சிவாஜி காலமானார். ஆண் வாரிசு இல்லை. "இனி ராஜ்யம் இல்லை" என்று கிழக்கிந்தியக் கம்பெனி முடிவு செய்தது. அரண்மனைச் சொத்துக்களைக் கைப்பற்றியது. ஆயுதசாலையும் அதன் கைக்குப் போயிற்று.

1860-களில் அந்த ஆயுதங்களைத் தரம் பிரித்தார்கள். நல்லவை என்று தோன்றிய சிலவற்றைச் சென்னை மியூசியத்துக்கு அனுப்பினார்கள். மீதியை உடைத்தார்கள். இரும்பு விலைக்கு விற்றார்கள். கொல்லர்கள் பல தலைமுறையாக அடித்து உருவாக்கிய வாளும் கட்டாரியும் ஈட்டியும் பழைய இரும்பாகிவிட்டன!

தப்பியவற்றை இன்று சென்னை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். இன்னும் சில கடல் கடந்து போய்விட்டன. தஞ்சைக் கட்டாரியைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் பார்க்கலாம். 1935-ஆம் ஆண்டில் காலமான ஸ்டோன் என்ற ஆயுத சேகரிப்பாளர் தம் சேகரிப்பை அந்த மியூசியத்துக்கு எழுதி வைத்தார். அவற்றில் தஞ்சைக் கட்டாரிகளும் இருந்தன.

இப்போது அதே அரண்மனையின் இன்னொரு பகுதியைப் பாருங்கள். சரஸ்வதி மகால் நூல்நிலையம்! சரபோஜி மன்னர் பாடுபட்டு வளர்த்த நூல்நிலையம் அது. ராஜ்யம் போன பிறகும் அது பிழைத்தது. பர்னெல் என்ற வெள்ளைக்கார நீதிபதி அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்குப் பட்டியல் தயாரித்தார். அது 1880-ல் அச்சாயிற்று. 1918-ல் நூல்நிலையம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. இன்று உலகம் முழுவதிலும் இருந்து படித்தவர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

ஓலைச்சுவடி பிழைத்தது. துப்பாக்கியும் வாளும் பிழைக்கவில்லை. ஏன்? சுவடிக்கு மதிப்பு உண்டு என்று சொல்ல ஆள் இருந்தார்கள். பட்டியல் எழுத ஆள் இருந்தார்கள். ஆயுதத்துக்கு அப்படி யாரும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்டார்கள், கிடைத்தது

ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்று ஒரு நாடு. அங்கே கிராட்ஸ் என்று ஒரு நகரம். அந்த நகரத்திலும் பெரிய ஆயுதசாலை ஒன்று இருந்தது. 1749-ஆம் ஆண்டில் மகாராணி மரியா தெரேசா, "இந்தப் பழைய ஆயுதங்கள் இனி வேண்டாம், கலைத்துவிடலாம்" என்று நினைத்தார்.

அந்த மாகாணத்துப் பிரமுகர்கள் ஒன்று கூடினார்கள். "எங்கள் முன்னோர் நாட்டைக் காத்ததற்கு இது அடையாளம். இதை எங்களுக்கே விட்டுவிடுங்கள்" என்ற கருத்தில் மனுக் கொடுத்தார்கள். மகாராணி சம்மதித்தார்.

அந்த ஆயுதசாலை இன்றும் அப்படியே இருக்கிறது. சுமார் 32,000 பொருள்கள்! துப்பாக்கி, வாள், கவசம், எல்லாம் அடுக்கிய இடத்திலேயே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தஞ்சையிலும் அப்படிக் கேட்க ஆள் இருந்திருந்தால்?

இரும்பு சொல்லும் சரித்திரம்

"துப்பாக்கியில் என்ன சரித்திரம் இருக்கிறது? சுடுகிற சாமான்தானே!" என்று சிலர் கேட்பார்கள்.

தஞ்சைக் கீழவாசலுக்கு அருகே பீரங்கி மேட்டில் ஒரு பெரிய பீரங்கி கிடக்கிறது. நீளம் ஏழரை மீட்டர் இருக்கும். எடை இருபது டன்னுக்கும் மேல். ரகுநாத நாயக்கர் காலத்தது என்று சொல்லப்படுகிறது. இதை வார்ப்படமாக வார்க்கவில்லை. நீள நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தினார்கள். அவற்றின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி இறுக்கினார்கள். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற கொல்லருக்கு இந்த வித்தை புரியும்!

கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இந்தப் பீரங்கியை ஆராய்ந்து எழுதினார். வெயிலிலும் மழையிலும் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்தும் அது துருவால் அழியவில்லை. நம் கொல்லர்களின் திறமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? அதையும் உருக்கியிருந்தால் இந்தச் சாட்சி எங்கே?

துப்பாக்கியும் அப்படித்தான். முதலில் வந்தது திரித் துப்பாக்கி. எரியும் திரியால் மருந்தைப் பற்ற வைப்பார்கள். மழை பெய்தால் திரி அணைந்துவிடும். பிறகு சக்கிமுக்கிக் கல் பொருத்திய துப்பாக்கி வந்தது. அதன் பிறகு, அடித்தால் வெடிக்கும் சிறு செப்பு மூடி வந்தது.

குழலின் உட்புறத்தில் சுருள் சுருளாக வரி வெட்டினால், குண்டு பம்பரம் போலச் சுழன்று நேராகப் போகும். அப்படி வரி வெட்டிய துப்பாக்கிக்குத்தான் ரைபிள் என்று பெயர்.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள் இந்தியாவுக்கு வந்தது. அதற்கான மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றி வந்தன. அந்தக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகச் சிப்பாய்களிடையே பேச்சுப் பரவியது. 1857-ல் வெடித்த பெரும் புரட்சிக்கு அது ஒரு காரணமாயிற்று.

துப்பாக்கியோடு வந்த ஒரு காகிதச் சுருள், கம்பெனி ராஜ்யத்தையே ஆட்டி வைத்தது!

சின்னச் சாமான், பெரிய மதிப்பு

பழைய ராணுவத் துப்பாக்கிகளை ஆராய்கிறவர்கள் துப்பாக்கியை மட்டும் தேடுவதில்லை. அதோடு இருந்த சின்னச் சின்னச் சாமான்களையும் தேடுகிறார்கள். வெடிமருந்து வைக்கும் கொம்பு, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, மருந்தைக் கெட்டிக்கும் கம்பி, தோள்வார், முனையில் மாட்டும் கத்தி, அந்தக் கத்தியின் உறை எல்லாம் இதில் அடங்கும்.

303 ரைபிள் என்றால் தெரியாதவர் குறைவு. கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூர் தொழிற்சாலையில் அது ஏராளமாகச் செய்யப்பட்டது. இரண்டு உலக யுத்தங்களிலும் இந்தியச் சிப்பாய்கள் அதைத் தூக்கினார்கள். 1962-ல் சீனப் படையை எதிர்த்தபோதும் அதுதான் அவர்கள் கையில் இருந்தது. போலீஸ்காரர்கள் தோளிலும் பல காலம் தொங்கியது. உத்தரப் பிரதேச போலீஸ் 2020-ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று அதற்கு விடை கொடுத்தது.

அந்த ரைபிளின் மரக்கட்டைக்குள் ஒரு சிறிய பொந்து உண்டு. அதன் மூடி பித்தளை. உள்ளே ஒரு சிறு எண்ணெய்ப் புட்டியும், குழலைத் துடைக்கும் நூல் கயிறும் இருக்கும். கயிற்றின் ஒரு நுனியில் பித்தளைக் குண்டு. மறு நுனியில் துணித் துண்டு. சிப்பாய் தினமும் குழலைத் துடைத்தாக வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். எண்ணெய்ப் புட்டியைக் குழந்தை விளையாட எடுத்துப் போகும். கயிறு கொடிக்கயிறாகிவிடும். அதனால்தான் துப்பாக்கி ஆயிரம் கிடைத்தாலும், அதோடு பிறந்த புட்டியும் கயிறும் கிடைப்பதில்லை. அந்தப் புட்டி இல்லாவிட்டால், அந்தச் சிப்பாயின் அன்றாட வாழ்க்கை எப்படி நடந்தது என்று காட்ட வழி இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

துப்பாக்கி விளையாட்டுச் சாமான் அல்ல. சட்டம் கடுமையாக இருப்பது நியாயம்தான்.

1878-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தது. இந்தியர்கள் லைசென்சு இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு! சுதந்திரம் வந்த பிறகு 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அந்தப் பாரபட்சம் ஒழிந்தது. பயிரைக் காக்க வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கேட்க, விவசாயிக்கு அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கி வருவது கிராமத்துக்காரர்களுக்குப் பழகிய சங்கதி.

303 ரக ரைபிளைப் பொதுமக்கள் சாதாரண லைசென்சில் வைத்திருக்க முடியாது. அது தடை செய்யப்பட்ட ரகம்.

2019-ல் சட்டம் மேலும் திருத்தப்பட்டது. அதற்கு முன் ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான். பாட்டன் சொத்தாக வந்தது என்றாலும் இந்தக் கணக்கில் சேரும். மிஞ்சியதை ஓர் ஆண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது.

லைசென்சு வைத்திருந்தவர் இறந்துபோனால், வீட்டார் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் உரிமை கோராவிட்டால், அது சர்க்காருக்குச் சொந்தமாகிவிடும். பிறகு? சாதாரணத் துப்பாக்கியானால் உடைத்தோ உருக்கியோ அழிப்பதுதான் வழக்கம்.

அழிப்பதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. கண்டவர் கையில் துப்பாக்கி போகக் கூடாது. ஆனால், அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இது எந்தக் காலத்துத் துப்பாக்கி?"

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளும் சரித்திரப் பொருளும் பழம்பொருள் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அப்படிப்பட்டதைத் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிலைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, சரித்திர மதிப்புள்ள துப்பாக்கிக்கும் பொருந்தும். முதல் உலக யுத்தத்தில் செய்த ரைபிள்கள்கூட இப்போது நூறு வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் உடைக்கும் இடத்தில் அதன் வயதைப் பார்ப்பது யார்?

தேய்த்தால் போயிற்று!

அழிவு போலீஸ் நிலையத்தில் மட்டும் நேர்வதில்லை. ஆசையோடு வைத்திருப்பவர்களும் அழித்துவிடுகிறார்கள்.

ஆயுத பூஜை வருகிறது. லைசென்சு உள்ள பழைய துப்பாக்கியை வெளியே எடுக்கிறார்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். இரும்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். மரத்துக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். பளபளவென்று ஆகிவிடுகிறது. பார்க்க அழகுதான்!

ஆனால் என்ன நடந்தது? குழலின் பழுப்பு நிறம் போய்விட்டது. செய்தவர் அடித்த முத்திரை தேய்ந்துவிட்டது. எண் தேய்ந்துவிட்டது. இனி அது எங்கே செய்தது, எந்த ஆண்டு செய்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

பழம்பொருளைச் சீர் செய்வது வேறு, புதுசாக்குவது வேறு. மியூசியக்காரர்கள் துருவை மேலும் பரவாமல் நிறுத்துவார்கள். இருப்பதைக் காப்பாற்றுவார்கள். இல்லாததைப் புதிதாகச் செய்து ஒட்ட அவசரப்பட மாட்டார்கள். ஒரு திருகாணியை மாற்றினாலும் பழைய திருகாணியைச் சீட்டு எழுதிப் பத்திரப்படுத்துவார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக் கூடியது கொஞ்சம்தான். மென்மையான பருத்தித் துணியில் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு இரும்பின் வெளிப்புறத்தைத் துடைக்கலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். வெறுங் கையால் தொட்டுவிட்டு அப்படியே வைக்கக் கூடாது. வியர்வை உப்பு துருவைக் கொண்டு வரும். தோல் உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும். காவிரிக் கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரே வேர்க்கும். அந்த மாதங்களில் கவனம் அதிகம் வேண்டும்.

கழற்றிப் பார்ப்பதும் பழுது பார்ப்பதும் கூடவே கூடாது. துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே சட்டப்படி லைசென்சு வேண்டும்.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் மருந்து உள்ளேயே தங்கியிருக்கலாம். ஈரம் படாத வெடிமருந்து எத்தனை ஆண்டு ஆனாலும் வெடிக்கும். அமெரிக்காவில் 1863-ல் கெட்டிஸ்பர்க் என்ற இடத்தில் பெரிய யுத்தம் நடந்தது. களத்தில் கிடந்து எடுத்த 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 மருந்து கெட்டித்தபடியே இருந்தனவாம்! ஆகவே, பரணில் பழைய துப்பாக்கி கிடைத்தால் பிள்ளைகளை அருகே விடாமல், உடனே போலீஸ் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம். அதுதான் புத்திசாலித்தனமும்கூட.

கொலைக் கருவிக்கு மரியாதையா?

"ஆளைக் கொல்லும் சாமானுக்கு மியூசியமா? காந்தி பிறந்த நாட்டில் இது தேவையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

மதுரைக் காந்தி நினைவு மியூசியத்தில் காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி இருக்கிறது. அதைப் பார்ப்பவர்களுக்குக் கொலை செய்யும் ஆசை வருகிறதா? இல்லை. கண்ணீர் வருகிறது.

ஆயுதத்தை ஒளித்து வைத்தால்தான் அதன் மேல் மோகம் வளரும். கண்ணாடிப் பெட்டியில் வைத்து, "இதைச் செய்தவர் இன்னார், சுமந்தவர் இன்னார், இதனால் நடந்தது இது" என்று எழுதி வைத்தால் அறிவு வளரும். சினிமாவில் துப்பாக்கியைப் பார்த்து வியக்கும் பையன், திரித் துப்பாக்கியின் எடையைப் பார்த்து, இதைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நம்மூர் விவசாயியின் பிள்ளை என்று அறிந்தால், வேறு விதமாக யோசிப்பான்.

திருட்டுப் பயம் உண்டு என்பதும் உண்மை. அதற்கு வழியும் உண்டு. காட்சியில் இருக்கும் துப்பாக்கியிலிருந்து சுடுவதற்கு வேண்டிய உறுப்பை எடுத்து, எண் போட்டு, வேறு இடத்தில் பூட்டி வைக்கலாம். துப்பாக்கியும் கெடாது. ஆபத்தும் இராது.

செய்ய வேண்டியவை நான்கு

முதலாவது: போலீஸ் நிலையங்களில் சேர்ந்த பழைய துப்பாக்கிகளை அழிக்கும் முன், மியூசிய அதிகாரி ஒருவர் பார்வையிட வேண்டும். ஒரு நாள் வேலை. நூறில் ஒன்று பழம்பொருளாக இருந்தாலும் லாபம்தான். 2021-ல் எழும்பூரில் போலீஸ் மியூசியம் ஒன்றே திறந்திருக்கிறார்கள். பழைய ஆயுதத்தின் அருமை போலீஸ் இலாகாவுக்குத் தெரியாதது அல்ல. அந்த அக்கறை தாலுகா நிலையம் வரை வர வேண்டும்.

இரண்டாவது: தஞ்சை அரண்மனையில், அந்தப் பழைய ஆயுதசாலை எப்படி இருந்தது என்று முழுமையாகக் காட்டும் கூடம் அமைய வேண்டும். எழும்பூரில் இருக்கும் தஞ்சை ஆயுதங்களில் சிலவற்றைக் கடனாகவாவது கொண்டு வந்து வைக்கலாம். தஞ்சைப் பிள்ளைகள் தஞ்சைக் கட்டாரியைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியது ஏன்?

மூன்றாவது: துப்பாக்கி ஒப்படைக்கப்படும்போது அதோடு சேர்ந்த சாமான்களையும் சேர்த்தே வாங்கிப் பட்டியல் எழுத வேண்டும். வார், உறை, எண்ணெய்ப் புட்டி, பழைய லைசென்சுப் புத்தகம், எதுவும் பிரியக் கூடாது.

நான்காவது, ஒவ்வொரு குடும்பமும் செய்யக் கூடியது. வீட்டில் லைசென்சு உள்ள பழைய துப்பாக்கி இருந்தாலும், முன்பு இருந்து ஒப்படைத்திருந்தாலும், அதன் கதையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். யார் வாங்கினார்? எந்த ஆண்டு? எதற்காக? எந்த யுத்தத்துக்குப் போனார்? தாத்தாவும் பாட்டியும் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதலாம். இதற்குப் பணம் வேண்டாம். சர்க்கார் உத்தரவும் வேண்டாம். துப்பாக்கி போனாலும் கதை நிற்கும்.

1860-களில் தஞ்சை ஆயுதசாலையை உடைத்தவர்கள் வெள்ளைக்காரர்கள். பழியை அவர்கள் மேல் போட்டுவிடலாம். இன்று உடைப்பதும் நாமே. காப்பாற்ற முடிந்தவர்களும் நாமே. நீடாமங்கலம் நிலையத்திலோ மன்னார்குடி நிலையத்திலோ அடுத்த முறை ஒரு பழைய துப்பாக்கியை ஒப்படைக்கும் குடும்பத்தார், "இதை ஒருமுறை மியூசியத்துக்காரர் பார்க்கட்டும்" என்று ஒரு மனுவும் எழுதிக் கொடுக்கட்டும்.

கிராட்ஸ் நகரத்தார் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்தது. கேட்டுப் பார்ப்பதில் நமக்கு நஷ்டம் என்ன?